சூட்டுப் புளக்

என் மூத்த மகள் மாட்டுவண்டிலில் பிறந்தவள். அக்கராயனில் இருந்து கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியில், ஒரு மதகைத் தாண்டுவதற்குள் வந்துவிட்டாள். எனக்கு இரத்தம் நிற்கவில்லை. பிழைத்தது கடவுள் செயல் என்றார்கள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கியபோது மருத்துவிச்சி என் கணவரிடம், "இந்த முறை நோ துவங்கின உடனை ஆசுப்பத்திரியிலை நிக்கவேணும். வண்டில் சரிவராது" என்று கண்டிப்பாகச் சொன்னார். அதற்காகவே என் கணவர் ஒரு பழைய காரை வாங்கினார்.

அந்தக் கார் வயலுக்கும் கடைக்கும் வாய்க்கால் ஓரமாக ஊர்ந்து பழகியது. எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அது இருமத் தொடங்கியது. பெற்றோலைப் பற்றவைக்கும் நாலு புளக்கில் ஒன்று பொறி விடாமல் போனாலும் முழுக் காரும் உதறும். ஒருநாள் சந்தையால் வரும் வழியில் முற்றாக நின்று, ஒரு டிரக்டர்தான் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. நான் படலையடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிற்றில் வந்த கார் எனக்கு இன்னொரு மாட்டுவண்டிலாகத்தான் தெரிந்தது.

அவர் புளக்குகளைக் கழற்றிக் குசினி மேசையில் பரப்பினார். நாலின் நுனிகளும் சட்டியின் அடிபோலக் கரி பிடித்திருந்தன.

"புதுசு போடவேணும்" என்றார். "கடையிலை ரெண்டு சாதி இருக்காம். சூட்டுப் புளக், குளிர்ப் புளக். வாடகைக்கார் ஓடுற அண்ணர் தன்ரை காருக்குக் குளிர்ப் புளக்தான் போட்டிருக்கிறாராம். இஞ்சத்தை வெயிலுக்கு அதுதான் நல்லதாம்."

அவரின் தாயான மாமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அது சரிதானே, தம்பி. சூடு பிடிச்ச உடம்புக்கு இளநிதானே குடுக்கிறது."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. மத்தியானம் மகள் நித்திரையானதும் காரோடு வந்த இங்கிலீஷ்ப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். நுனியின் சூட்டைக் கெதியில் இறங்க விடுவது குளிர்ப் புளக். நுனியிலேயே சூட்டை வைத்திருப்பது சூட்டுப் புளக். வேகமாக நெடுந்தூரம் ஓடுகிற இயந்திரத்துக்குக் குளிர். மெதுவாக ஓடிக் கரி பிடிப்பதற்குச் சூடு. அந்தச் சூட்டிலேயே கரி எரிந்துபோகும். திரும்பத் திரும்ப வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் நல்ல புள்ளி எடுத்தவள்தான். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டும் அறியாதவள். நான் பிழையாக விளங்கி, அந்தப் பிழையால் நானே வழியில் கிடக்க நேர்ந்தால்?

பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது மெல்லச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, புத்தகத்திலை மாறிக் கிடக்கு. எங்கடை காருக்குச் சூட்டுப் புளக்தான் வேணுமாம். எண்டாலும் நான் பிழையா வாசிச்சிருப்பன்."

"நீர் வாசிச்சது சரியோ பிழையோ? ஒண்டைச் சொல்லும்."

"சரிபோலத்தான் கிடக்கு."

"'போல' எண்டொரு புளக் கடையிலை இல்லையப்பா."

மறுபடி சுளகோடு இருந்த மாமி குறுக்கே வந்தார். "கொதிக்கிற காருக்குச் சூட்டைக் குடுக்கிறதோ? நல்ல படிப்பு!"

"கார் கொதிக்கேல்லை, மாமி. கரிதான் பிடிச்சிருக்கு. அதை எரிக்க உள்ளுக்கை சூடு காணாது."

மாமியின் சுளகு நின்றது. "அப்ப பிள்ளைப்பெத்தவளின்ரை உடம்புபோலை எண்டு சொல்லன், பிள்ளை. அவளுக்கு இளநியோ குடுக்கிறது? சரக்கு அரைச்சுக் கறி காச்சிச் சூடேத்தித்தானே அழுக்கைக் கழிக்கிறது." மகனிடம் திரும்பினார். "தம்பி, சூட்டுப் புளக்கையே வேண்டிக்கொண்டு வா. அந்த அண்ணர் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பறக்கிறவர். நீ வரம்பிலை ஊருறாய்."

புளக் வந்தது. அடுத்த கவலை இடைவெளி. புளக்கின் நடுக்கம்பிக்கும் அதன்மேல் வளைந்திருக்கும் கொளுக்கிக்கும் நடுவில்தான் பொறி பாயும். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் இருபத்தைந்து கூறு இருக்கவேண்டும் என்றது புத்தகம். குறைந்தால் பொறி சிறுத்துவிடும். கூடினால் பாயாமலே விடும். டிரக்டர்காரரிடம் இரவல் வாங்கிய அளவுத் தகடுகளில் துரு ஏறி, பத்தும் பதினைந்தும் தவிர மற்ற இலக்கங்கள் அழிந்திருந்தன. இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் இருபத்தைந்து என்றேன். சொன்னவுடனேயே, கூட்டல் சரிதானா என்று விரல்விட்டுப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் கொளுக்கியை மெல்லத் தட்டி நெருக்கினார். நான் தகடுகளை நுழைத்து இழுத்தேன். எண்ணெய் வைத்த தலையில் சீப்பு இறங்குவதுபோலச் சற்றே பிடித்துக்கொண்டு வரவேண்டும். மூன்றாவதைப் பார்த்து முடித்தபோது மகள் மேசையைப் பிடித்து எழும்பினாள். அந்தப் புளக் உருண்டு சீமெந்து நிலத்தில் விழுந்தது. வெள்ளைப் பீங்கானில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று யன்னலடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இல்லை. இடைவெளியை மறுபடி அளந்தோம். சரியாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பாக இருந்தால்? நாலையும் பூட்டிய பிறகு கார் உதறாமல் ஓடியது. ஆனால் அது ஒவ்வொரு முறை புறப்படும்போதும் என் காது அந்த ஒரு புளக்கிலேயே நின்றது.

நோ ஒரு காலையில் தொடங்கியது. முதல்நாள் பெய்த மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. அவர் காரின் முன்னால் குனிந்து, இயந்திரத்தைக் கிளப்பும் கைபிடியைச் சுற்றினார். முதற் சுற்றில் ஒன்றுமில்லை. "அந்த விழுந்த புளக்தான்" என்றேன். மாமி என் கையை அழுத்தி, "பேசாமல் இரு, பிள்ளை" என்றார். அடுத்த சுற்றில் கார் பிடித்துக்கொண்டது. வழிநெடுக நோவைவிட இயந்திரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். மகள் பிறந்த மதகடியில் சேற்றுக்காக அவர் வேகத்தைக் குறைத்தார். ஒரு தரம் உதறுவதுபோல இருந்தது. மாமியின் வாய் முணுமுணுத்தது. மதகு பின்னால் போனது.

மகன் ஆசுப்பத்திரிக் கட்டிலில், தாதிமாரின் கையில் பிறந்தான். இரத்தமும் நின்றது.

மறுநாள் அவர் வந்து, பிள்ளையைப் பார்த்த பிறகு, சட்டைப்பையில் இருந்து ஒரு லேஞ்சியை எடுத்து விரித்தார். உள்ளே ஒரு புளக். நுனியில் கரியே இல்லை. பால் விட்ட தேத்தண்ணியின் நிறம். ஆசுப்பத்திரி வளவிலேயே கழற்றியிருக்கிறார். விரலெல்லாம் எண்ணெய்.

"வடிவா எரிஞ்சிருக்கு, பாரும்" என்றார்.

நான் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இது எத்தினையாவது?"

"மூண்டாவதுதான்" என்றார். "வேறை எதைக் கொண்டுவந்தாலும் நீர் நித்திரை கொள்ளமாட்டீர் எண்டு தெரியாதோ?"