எட்டாவது ஈயத் தலை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் கடையில் ஒரு திருட்டு நடந்தது. நடந்தது என்று சொல்லி நழுவப் பார்க்கிறேன் பாருங்கள். நான்தான் திருடினேன்.

தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடு தங்கிக் கடையில் அப்பாவுக்கு வலக்கையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கடை அடைப்பு. அப்பா பாயை விரிப்பார், மாமா தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஜூரோங்குக்கு பஸ் ஏறுவார். அப்போது ஜூரோங்கில் ஆறும் சேறும், பாக்காவ் என்கிற அலையாத்தி மரக் காடும்தான். ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் கொடுவா மீன் கிடைக்கும்.

மற்றவர்கள் இறாலைக் குத்தித் தூண்டில் போட்டார்கள். மாமாவுக்கு அது கௌரவக் குறைச்சல். கடையில் கறித்தூள் வாங்க வரும் வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் ஊருக்குக் கப்பல் ஏறும் முன் அவரிடம் ஆறு ரப்பர் புழுக்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். சிவப்பாக, வழவழவென்று, தொட்டால் நெளியும். அம்மா அதைப் பார்த்து ஒருமுறை அலறியே விட்டாள். அந்தப் புழு தானாக மூழ்காது. தூண்டில் முள்ளின் தலைப்பக்கம் ஈயத்தை உருக்கி ஊற்றி ஒரு குண்டு வைத்து, அந்த முள்ளில் புழுவைக் கோக்க வேண்டும். அந்த ஈயக் குண்டுக்கு மாமா 'தலை' என்று பேர் வைத்திருந்தார்.

எந்தத் தலையைப் போடுவது என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் எல்லாம். நீரோட்டம் நிற்கும் நேரத்துக்குக் கால் தாகில் எடையுள்ள தலை, ஓடும் நேரத்துக்கு அரை தாகில் தலை. "கனமா இருந்தா சேத்துல போய் உக்காந்துக்கும். லேசா இருந்தா தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிரும்லா" என்பார். வீசிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். ஐந்தாவது எண்ணில் கொடுவா கடித்தால், அன்று முழுவதும் ஐந்து எண்ணியபின்தான் இழுப்பார். இதற்கு எல்லாத் தலையும் ஒரே எடையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நாசம்.

அப்போது கிலோ வரவில்லை. எடையெல்லாம் கட்டி, தாகில்தான்: பதினாறு தாகில் ஒரு கட்டி, இப்போதைய கணக்கில் ஏறக்குறைய அறுநூறு கிராம். அரை தாகில் தலை எட்டைக் கடைத் தராசில் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் கால் கட்டி எடைக்கல்லை வைப்பார். தராசு முள் நேரே நிற்கும்வரை ஈயத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்வார். அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் செய்வார். அந்தத் தராசு அப்பாவுக்குச் சாமி மாதிரி. காலையில் கடை திறந்ததும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் யாரிடமும் வாயைத் திறப்பார். வெள்ளிக்கிழமைதோறும் எடைக்கற்களைப் புளி போட்டுக் கழுவுவதும் அவர்தான். வேறு யாரையும் கழுவ விடமாட்டார்.

அந்த வாரம் ஒரு தலை பாக்காவ் வேரில் மாட்டி அறுந்துபோய் ஏழுதான் மிஞ்சியிருந்தது. என்னையும் ஜூரோங்குக்குக் கூட்டிப்போகச் சொல்லி நான் மாமாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"எட்டு சேரட்டும், இந்த ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டுப் போறேன். டப்பாவுல ஈயம் பத்தாது, என்ன செய்ய?" என்றார்.

ஈயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தை அடைத்து, எடை சரி என்று அரசாங்க அதிகாரி அதன்மேல் முத்திரை குத்தியிருப்பார். எடைக்கு எடையாக இரும்புதான் இருக்கிறதே, அடியில் கிடக்கும் இந்த அழுக்கு ஈயம் எதற்கு என்று நான் நினைத்தேன். அந்த வயதில் என் மூளை அவ்வளவுதான்.

சனிக்கிழமை அப்பா மேலே சாப்பிடப் போன நேரம், மாமா பின்கட்டில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கால் கட்டிக் கல்லைக் கவிழ்த்து ஆணியால் நோண்டினேன். ஈயம் வெண்ணெய் போல வந்தது. வெயிலில் இளகிக் கிடந்த ரோட்டுத் தாரைக் கிள்ளி வந்து குழியை அடைத்து, கட்டைவிரலால் அழுத்தி மண்ணும் தேய்த்தேன். இரும்போடு இரும்பாகக் கறுப்பாகிவிட்டது. ஈயத்தை மாமாவின் டப்பாவுக்குள் பழைய துண்டுகளோடு போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே சோற்றுக்கடை வைத்திருந்த ஒரு அக்கா பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"அண்ணே, கால் கட்டி சீரகம் அரை தாகில் குறையுதுண்ணே. என் தராசுல ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. ஒரு கைப்பிடி சீரகம் அள்ளிப் போட்டுவிட்டு, "உங்க தராசைப் பாருங்கம்மா. இந்தக் கடையில எடை குறைஞ்சா நான் சோறு திங்கிறதே பாவம்" என்றார். மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நாளைக்கு ஜூரோங் என்ற ஒரே நினைப்பு.

மறுநாள் மதியம் மாமா டப்பாவைக் கவிழ்த்து, "அட, இவ்வளவு கிடந்திருக்கே, நான்தான் கவனிக்கல" என்று சிரித்தார். மண்ணெண்ணெய் அடுப்பில் ஈயத்தை உருக்கி எட்டாவது தலையை வார்த்து, ஆறியதும் எட்டையும் தட்டில் வைத்தார். தலைகள் இருந்த தட்டு சட்டென்று இறங்கியது.

ஒன்றை எடுத்தார். ஏழு தலைக்கும் கல்லுக்கும் முள் நேரே நின்றது.

ஏழு தலைகள் போன வாரம் இருந்த அதே ஏழு. அவை பெருக்கவில்லை என்றால் கல்தான் சிறுத்திருக்க வேண்டும். மாமா கல்லைக் கவிழ்த்தார். நகத்தால் சுரண்டினார். நகக்கண்ணில் தார் வந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாடியில் அப்பா குறட்டை விடும் சத்தம் வந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு வேணாம்மா. மாமாவுக்குத் தலைவலி. நீ மேல போ."

நான் படியில் ஒளிந்து நின்று பார்த்தேன். தாரைச் சுத்தமாக வழித்தெடுத்தார். எட்டாவது தலையை மறுபடி உருக்கி, முள்ளை எடுத்து எறிந்துவிட்டு, ஈயத்தைக் குழியில் ஊற்றினார். ஆறியபின் தராசில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா கற்களைக் கழுவினார். கால் கட்டிக் கல்லைக் கவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடியில் புது ஈயம் பளபளவென்று இருந்தது. முத்திரை இல்லை. அந்தச் சந்திலேயே ஈயம் காய்ச்சுகிற ஆள் ஒருவர்தான். அப்பா திரும்பி மாமாவின் டப்பாவைப் பார்த்தார். மாமா அரிசி அளந்துகொண்டிருந்தார். நான் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் நின்று அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அப்பா கல்லைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புது முத்திரை குத்தி வந்தார்.

அடுத்த வாரம், ஜூரோங்கில் காட்டை வெட்டித் தொழிற்சாலை கட்டுகிறார்கள், அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று மாமா பெட்டியைக் கட்டினார். அம்மா அழுதாள். "நம்ம கடை இருக்கப்ப எதுக்குடா வெளி வேலை?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா மட்டும், "போகட்டும் விடு" என்றார். மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே, "வரேன் அத்தான்" என்று படியிறங்கினார். மீதி ஏழு தலைகளையும் ரப்பர் புழுக்களையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இருவருக்கும் நான் செய்தது தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். சின்னப் பெண், அடிக்க வேண்டாம் என்று மாமா ஈயத்தை ஊற்றி மறைத்தார், அப்பா முத்திரை வாங்கி மறைத்தார். என் மேல் எவ்வளவு பிரியம்! நன்றிக்கடனாக ஒரு மாதம் அடம் பிடிக்காமல் சாப்பிட்டேன். வெட்கக்கேடு, அந்த நினைப்பிலேயே நான் வளர்ந்து, கல்யாணம் பண்ணி, பிள்ளையும் பெற்றேன். மாமா தீபாவளிக்கு வந்தாலும் வாசலோடு நின்று அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார். அப்பா உள்ளேயிருந்து வரமாட்டார். பெரியவர்களுக்குள் ஏதோ வேலைத் தகராறு என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

மாமா வயதாகி மார்சிலிங்கில் மகன் வீட்டில் இருந்தபோது ஒருநாள் பார்க்கப் போனேன். பழைய கடைப் பேச்சு வந்தது.

"உங்கப்பா மேல எனக்குக் கோவமே இல்லம்மா" என்றார். "குடும்பஸ்தர், கடையில என்ன கஷ்டமோ, கல்லுல கை வச்சிட்டாரு. கேட்டா அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது? அதான் அடைச்சு வச்சிட்டுக் கிளம்பிட்டேன். உங்கம்மாகிட்டக்கூட நான் சொன்னதில்ல."

அப்பா ஒரே ஒருமுறை, கோபத்தில், "எடையில கை வச்சவன் என் வாசப்படி ஏறக் கூடாது" என்று முணுமுணுத்தது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் கேட்டது. அவர் சொன்னது மாமாவை.

"மாமா, அது நான். எட்டாவது தலைக்காக நான்தான் நோண்டினேன்."

மாமா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் மெதுவாக என் பக்கம் குனிந்து, அவசரமாக ஒரு வேலையை நினைவுபடுத்துகிறவர் போல, "அத்தான்கிட்ட இதைச் சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார்.

அப்பா இறந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது; அந்த நிமிஷம் மாமாவுக்கு அது மறந்துபோயிருக்க வேண்டும். அப்பாவின் சாவன்று, கொள்ளிக்கு முன் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு நின்றவர்களைத் தாண்டி, வெகு தூரத்தில் தனியாக மாமா நின்றிருந்தார்.