வீட்டுக்கு ஒரு கன்சோல்

வீடியோ கேம் கன்சோல் வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் என் இரண்டு மகள்கள். பெரியவள் பதினொன்றாம் வகுப்பு, சின்னவள் ஆறாம் வகுப்பு. நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். "நான் இல்லாத நேரமெல்லாம் அது முன்னாலயே கெடப்பிய" என்று சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது தளத்து ஆட்களுக்குத் தலைவராக, இருந்த என் கணவர்தான், "இந்த லீவுக்கு வரும்போது வாங்கிருவோம்ளா" என்று வீடியோ காலில் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

லீவுக்கு முன்பே அவர் வந்துவிட்டார். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பலைக் கரையோடு கட்டும்போது வடம் அறுந்து அடித்ததில், இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. நடுவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. வந்த நாளிலிருந்து அந்தக் கையைச் சட்டைக்குள்ளோ பேண்ட் பைக்குள்ளோ வைத்திருந்தார். எப்போதும் கையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர், கோயிலில் திருப்பலியின்போது கையை நீட்டாமல் நாவில் வாங்கினார். பெண்கள் கன்சோல் பேச்சையே விட்டுவிட்டார்கள். நான் சொல்லி அல்ல, அவர்களாகவே.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார். "ஏளா, அந்த கேம் பெட்டி என்னாச்சி? ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்கிறிய?"

அவ்வளவுதான், அன்று சாயங்காலம் வரை வீட்டில் வேறு பேச்சே இல்லை. பெரியவளுக்குப் பெரிய கன்சோல் வேண்டும். வகுப்பில் பாதிப் பேரிடம் அதுதான் இருக்கிறது, படம் சினிமா போலத் தெரியும் என்றாள். சின்னவளுக்குக் கார் பந்தயமும் குதித்து ஓடும் பொம்மைகளும் போதும், எது என்றாலும் சரி. கேமை டவுன்லோட் செய்யாமல் டிஸ்க்காக வாங்கினால் விளையாடி முடித்துத் தோழிகளோடு மாற்றிக்கொள்ளலாம் என்றாள் பெரியவள். எங்கள் தெருவில் இண்டர்நெட் வரும் வேகத்துக்கு அதுதான் நல்லது என்று எனக்கும் பட்டது. என் கவலை வேறு. கன்சோல் ஹாலை விட்டு அறைக்குள் போய்விடக் கூடாது.

மறுநாள் மாலை நாலு பேரும் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள கடைக்குப் போனோம். கடைக்காரர் நிதானமானவர். "எத வாங்குனாலும் தொறந்தபடி போட்டு வைக்காதிய. இங்கன கடக்காத்துக்கு உள்ள போர்டு துருப்பிடிச்சிரும்" என்று முதலில் அதைத்தான் சொன்னார். பக்கத்தில் ஒரு சின்ன கன்சோலும் இருக்க, பெரிய கன்சோலை டிவியில் மாட்டிக் காட்டினார். பெரியவள் விளையாடினாள், சின்னவள் விளையாடினாள். பிறகு சின்னவள் யோசிக்காமல் கன்ட்ரோலரை அப்பாவிடம் நீட்டினாள்.

அவரும் யோசிக்காமல் வாங்கினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் வேலை தெரிந்தது. ஆனால் அடியில் தாங்கிப் பிடிக்கும் விரல்கள் இல்லை. திரையில் கார் ஒரு வளைவு திரும்புவதற்குள் கன்ட்ரோலர் வழுக்கி, கண்ணாடி மேசையில் விழுந்தது.

"ஒண்ணும் ஆகல அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

இரண்டு வருடமாகப் பெரிய கன்சோலுக்காகச் சண்டை போட்ட என் மூத்த மகள் சொன்னாள்: "அண்ணாச்சி, அந்தச் சின்னத எடுங்க. கன்ட்ரோலர் ரெண்டாப் பிரியுமே, அது."

என் கணவர் முகம் மாறிவிட்டது. "எனக்காக ஒண்ணும் வாங்க வேண்டாம். நான் வெளாடப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியருகில் நின்றுகொண்டார். ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். பெரியவள் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அவரிடம், "அவ என்ன தப்பா சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"தப்பில்ல. பிள்ள ஆசப்பட்டதை என் கையைப் பாத்து மாத்திக்கிடுதா. அது எனக்குத் தாங்கல" என்றார். அவர் கையைப் பற்றி என்னிடம் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை பிசியோதெரபிக்குப் போனவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், கையில் ஒரு பையோடு. பைக்குள் சின்ன கன்சோல். பெரியவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கடையில நின்னு ரெண்டையும் வெளாடிப் பாத்தேன்" என்றார் அவர். "பெருசுல நான் வெறுமன வேடிக்கதான் பாக்க முடியும். இதுல உங்கள ஜெயிக்க முடியும் போலத் தெரியுது. உனக்குப் பெருசுதான் வேணும்னா இப்பவே சொல்லு, மாத்திக்கிடலாமான்னு கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"எனக்கு இன்னும் அதுதான் பிடிச்சிருக்கு. ஆனா இது இருக்கட்டும்" என்றாள் அவள். பொய் சொல்லாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாகப் பிரித்த கன்ட்ரோலரின் இடது பாதி லேசாக இருந்தது. அதிலிருந்த வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், கை தளர்ந்தாலும் அது கீழே விழாது. முதல் பந்தயத்தில் அவர் கார் சுவரில் முட்டி முட்டியே கடைசியாக வந்தது. சின்னவள் கைதட்டிச் சிரித்தாள். "ஏளா, சிரிக்காத, திரும்ப போடு" என்றார். அன்றைக்கு எட்டு பந்தயம். எட்டிலும் தோற்றார். தோற்கத் தோற்க முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கை வெளியே இருப்பதை அவரே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

விரல்கள் வளரவில்லை, நடுவிரலும் மடங்கவில்லை. கப்பலுக்கு இனிப் போக முடியாது என்று தெரிந்த வாரம் கன்சோலை யாரும் தொடவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு கன்டெய்னர் யார்டில் மேற்பார்வை வேலை கிடைத்தது. இப்போது என்னைப் போலவே காலையில் போய் மாலையில் வருகிறார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம், ஹாலில் மட்டும் என்று வைத்திருக்கிறோம். போன வாரம் ஆள் குறைகிறது என்று என்னையும் உட்கார வைத்தார்கள். என் கார் ஓட வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் எனக்கு வழி சொன்னார்கள், ஒன்றும் புரியவில்லை.