பகேரியா இறக்கத்தில் அக்கா இழுத்து வந்த பாரம்

மன்னார் பேசாலையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்து, சென்ற ஆண்டு இத்தாலியின் பலெர்மோ நகரில் இறைவனிடம் திரும்பிய எங்கள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், என் மனம் முதலில் போய் நிற்பது அவரது பிக்கப் வண்டியின் முன் இருக்கையில்தான்.

ஊரில் அக்கா சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. போர் எங்களைப் படகில் ஏற்றி, மண்டபம் முகாமில் நெடுநாள் காக்கவைத்து, பின்னர் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. முன்னரே வந்திருந்த அக்காவின் கணவர், எங்கள் அத்தான், நடுத்தரமான பிக்கப் ஒன்றும் ட்ரெயிலர் ஒன்றும் வைத்துக்கொண்டு, வீடு மாறுபவர்களின் சாமான் ஏற்றி இறக்கினார். ஒருநாள் நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியில் அலுமாரி ஒன்றைச் சுமந்து படியிறங்கும்போது விழுந்து, முதுகில் பலமாக அடிபட்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். வண்டியை விற்றுவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்:

"விக்க வேண்டாம். நான் ஓடுறன்."

இத்தாலிய மொழியில் எழுத வேண்டிய சாரதிப் பரீட்சையில் இரண்டு தடவை தவறினார். மூன்றாம் தடவை தேறினார். ட்ரெயிலர் இழுக்க வேறொரு பரீட்சை, அதையும் எழுதினார். பிறகு எங்கள் சனத்தில் யார் வீடு மாறினாலும் அக்காவின் வண்டிதான். அவர் புறப்பட்டதும் அத்தான் யன்னலைவிட்டு நகரமாட்டார்.

நாங்கள் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து பலெர்மோவுக்கு வீடு மாறியபோது எனக்கு ஏழாம் மாதம். மத்தியானத்துக்குள் வீட்டைக் காலி செய்து, பூட்டித் திறப்பை ஒப்படைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா அன்பாகத் தந்த பளிங்கு மேசையும் சாமான்களோடு இருந்தது. என் கணவரும் உதவிக்கு வந்த மூன்று பேரும் சேர்ந்துதான் தூக்க முடிந்த கனம்.

"மேசையை ட்ரெயிலரின்ரை முன்பக்கமா வையுங்கோ. பின்னுக்குப் பாரம் போகக் கூடாது. மிச்சத்தை ரெண்டாம் தரம் வந்து ஏத்துவம்," என்று சொல்லிவிட்டு அக்கா பெற்றோல் அடிக்கப் போனார்.

இரண்டாம் தரம் வர நேரமிருக்காது என்று எனக்குப் பதற்றம். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றச் சொன்னேன். முதலில் இறக்க வசதி என்று மேசையைக் கடைசியில், ட்ரெயிலரின் பின்விளிம்பில் வைக்கச் சொன்னதும் நான்தான். என் கணவர் தயங்கினார். "அக்கா சொன்னவ எல்லோ?" என்றார். "ஒண்டும் ஆகாது, கெதியா ஏத்துங்கோ," என்றேன். மேலே படங்குச் சீலை போட்டு மூடி இறுக்கிக் கட்டியாயிற்று. திரும்பி வந்த அக்கா ட்ரெயிலரைப் பிக்கப்பில் கொழுவி, முழுவதும் ஏற்றியிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். "மேசை முன்னுக்குத்தானே?" என்று கேட்டார். "ஓம்," என்றேன்.

நான் அக்காவின் பக்கத்து இருக்கையில் இருந்தேன். வீதி கடற்கரைப் பக்கம் இறங்கும் இடத்தில் பக்கக்காற்று அடித்தது. ட்ரெயிலர் லேசாக ஆடியது. அடுத்த கணம் அதன் ஆட்டம் பெருத்து, பிக்கப்பின் பின்பகுதியையே இடமும் வலமுமாக இழுத்தது. எதிரே பேருந்து ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"பிரேக்கைப் பிடியுங்கோ அக்கா! பிடியுங்கோ!"

"பிடிச்சாப் பிரளும். பேசாமல் இரு!"

அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தார். பேருந்து எங்களை உரசுவதுபோலக் கடந்தது. வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. அக்கா மெல்ல ஓரங்கட்டி நிறுத்தினார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்க, நெடுநேரம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வயிற்றில் கைவைத்து, "பிள்ளை துடிக்குதோ?" என்று கேட்டார். துடித்தது.

இறங்கிப்போய்ப் படங்கை விலக்கிப் பார்த்தார். "ஆர் வைச்சது?" என்று கேட்டார். உதவிக்கு வந்தவர்களோடு பின்னால் வேறொரு காரில் வந்திருந்த என் கணவர், "நான்தான்," என்றார். நான் வாய் திறக்கவில்லை. வீதியோரத்திலேயே பாதிச் சாமானை இறக்கி, மேசையை முன்னுக்கு நகர்த்தி, இரண்டு நடையாகக் கொண்டுபோனோம். திறப்புக் கொடுக்கப் பிந்தியதற்கு வீட்டுக்காரர் திட்டினார். அக்காதான் கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்தப் பொய் பல வருடம் எனக்குள் கிடந்தது. அக்காவுக்கு நோய் முற்றி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் சொன்ன வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து அழுதபடி உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "அவர் பொய் சொல்லேக்கை உன்ரை முகத்தைத்தான் பாத்தனான். அண்டைக்குக் கேட்டிருந்தால் நீ பயத்திலை அங்கையே பிள்ளையைப் பெத்திருப்பாய்." சிரிக்க முயன்றார், இருமல் வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் பயமடி. வண்டி நிண்டாப் பிறகு காலை அசைக்க ஏலேல்லை. உனக்குத் தெரியக் கூடாதெண்டுதான் அப்பிடியே இருந்தனான்."

நான்கு நாட்களின் பின், அத்தான் கையைப் பிடித்திருக்க, அக்கா கண்மூடினார்.

அக்காவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், பகேரியாவிலிருந்து தினமும் ரயிலில் வந்து பார்த்த சிஞ்ஞோராவுக்கும், உணவு சமைத்து அனுப்பிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான சிசிலியப் பெண்மணிக்கும் நன்றி கூற வேண்டும். நாங்கள் தமிழில் செபமாலை சொன்னபோது, அவர் தன் மொழியில் ஒவ்வொரு மணிக்கும் பதில் சொன்னார். அழுகையில் அவர் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டோம். அவர் சுகமாகி வீடு போய்ச் சேர்ந்தாரோ என்று எங்களுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று செபிக்கிறோம்.

அன்புத் தங்கை