டிவிக்கு மாலை போட்ட திவசம்

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஊடகவியல் நடத்துகிறேன். அசலே இல்லாத நகல், நிஜத்தைவிட நிஜமாகிவிடும் போலி என்று வருஷா வருஷம் பின்நவீனத்துவத்தைத் தொண்டை வறளக் கத்துவது என் பிழைப்பு. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், பரீட்சைக்கு மட்டும் உருப்போட்டுக்கொண்டு வருவார்கள். நானும் அதைப் புத்தகச் சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன், அப்பாவின் முதல் வருஷத் திவசம் வரும்வரை.

மாடம்பாக்கத்தில் அம்மா தனியாக இருக்கும் வீட்டில் படையல். வடை, பாயசம், அப்பாவுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுவல் எல்லாம் இலையில் இருந்தன. அப்பாவின் படத்தை மட்டும் காணோம். அண்ணன் அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, அந்த இடத்தில் டிவியை நிறுத்தியிருந்தான். டிவிக்கு மாலை வேறு! திரையில் அப்பாவின் முகம். அண்ணி அந்த நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அண்ணன் ரிமோட்டை அமுக்கினான்.

அப்பா கண் சிமிட்டினார். "என் அன்புக் குடும்பத்தாருக்கு ஆசீர்வாதம்" என்றார். தலையை அசைத்தபோது நெற்றி நகர்ந்தது, பொட்டு திரைக் கண்ணாடியிலேயே நின்றது. அண்ணனுக்கு ஒரே பெருமை.

"வாட்ஸ்அப்ல அவரு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் நாலஞ்சு இருந்துச்சு. அத ஏஐ-க்குக் குடுத்தேன், அதுவே பண்ணிக் குடுத்துடுச்சு" என்றான்.

உயிரோடு இருந்தவரை அப்பா வாயிலிருந்து 'அன்பு' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "இன்னா, சோறு ஆச்சா?" என்பார். அம்மாவோடு அவர் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அம்மா போனில் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "வூட்ட பில்டருக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். அப்பா சொல்லிட்டாரு."

வீட்டை இடித்து ஃபிளாட் கட்டலாம் என்று அண்ணன் வாயெடுத்தபோதெல்லாம், "நான் கீற வரைக்கும் ஒரு செங்கல்லத் தொடக் கூடாது" என்று விரட்டியவர் அப்பா. வீடு அம்மா பேரில் இருக்கிறது; இப்போது அவள் கையெழுத்துப் போட்டால் அவளுக்கென்று ஒரு கூரை கிடையாது. வரப்போகும் ஃபிளாட்டும் அண்ணன் பேரில்தான். அம்மா அவன் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான். ராஜகீழ்ப்பாக்கம் டிராஃபிக்கில் ஆட்டோ ஊர்ந்த நேரமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்தது ஒரு புது வீடியோ.

"நீ பட்டதெல்லாம் போதும்மா" என்றார் திரையில் இருந்த அப்பா. "பையன் சொல்றபடி வீட்டைக் குடுத்துடு. உனக்குச் சம்மதம்தானே?"

"அம்மா, இது அப்பா இல்ல! அண்ணன் எழுதிக் குடுத்தத அது பேசுது. உன்ன ஏமாத்தறான்மா" என்று கத்தினேன்.

"தெரியும்டி. நான் என்ன லூசா?"

"தெரிஞ்சுமா?"

"நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். இந்த வூட்டக் கட்டறப்ப, உன்னக் கட்டிக் குடுக்கறப்ப, எதுக்காவது உங்கப்பா 'உனக்குச் சம்மதமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? இவரு கேக்கறாரு."

வகுப்பில் இதற்கெல்லாம் என்னிடம் பதில் உண்டு. அங்கே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். அழுகை அழுகையாக வந்தது.

மறுவாரம் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் அண்ணன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். ஃபேனை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். போனை அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான்.

"ஏதாச்சும் பேசும்மா. கொஞ்ச நேரம் போதும். சிரிக்கணும், கோவப்படணும், எல்லாம் வேணும்."

"எதுக்குடா?"

"அப்பாவோடது கொஞ்சம்தான் கெடச்சுது, அவ்வளவு சரியா வரல. உன்னோடத இப்பவே எடுத்து வச்சுக்கலாம்னுதான்."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தாள்.