அண்டா காணாமல் போன கதையும் கனகவல்லி அம்மாவும்

கனகவல்லி அம்மா மறைந்த செய்தி ஓசூரிலிருந்து வரும் காலை பஸ்ஸில்தான் பாகலூருக்கு வந்தது. கண்டக்டர் இறங்கி நேரே எங்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தார். "கம்பவுண்டர் சார், நம்ம கதை நர்ஸம்மா கிருஷ்ணகிரியில நேத்து தவறிட்டாங்களாம்" என்றார். நான் இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பாட்டில் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பிள்ளைகளோடு வரிசையில் நின்றிருந்த பெண்களில் பாதிப்பேர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பத்திரிகை வாசகர்களுக்கு அவர் தொடர்கதை எழுத்தாளர். எங்களுக்குப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். அவர் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகிப் போகும்வரை ஆறு வருடம் பக்கத்து மேஜையில் நான் மருந்து கலந்திருக்கிறேன். அவருடைய பெரிய குடும்ப நாவல்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள், எழுதட்டும். உள்ளதைச் சொன்னால், அவற்றில் ஒன்றைக்கூட நான் முழுசாகப் படித்ததில்லை. அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

"உங்க கதையில அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்மா."

"என்ன பண்றது கம்பவுண்டரே, ஒரு வீட்டுக்குள்ள பூந்துட்டா எனக்குச் சீக்கிரம் வெளிய வரத் தெரியலியே" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நின்றுபோன ஒரு நாள் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு, சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கடிதம் எழுதியிருந்தார். வாசகர்கள் இப்போது துப்பறியும் கதைகளைத்தான் கேட்கிறார்களாம். ஓடிக்கொண்டிருக்கும் தொடர் இந்த மாதத்தோடு முடியட்டும், அடுத்தது வேண்டாம். விருப்பமிருந்தால் இரண்டே பக்கத்தில் ஒரு மர்மக் கதை அனுப்பிப் பார்க்கலாம், அமையாவிட்டால் வருந்த வேண்டாம். படித்துவிட்டு அம்மா என்னிடம் நீட்டினார். "வருந்த வேண்டாம்னா, இத்தோட போதும்னு அர்த்தம்" என்றார். எழுதாத கனகவல்லியை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கண் இரண்டும் பளபளக்க, பையைக்கூட வைக்காமல், "கம்பவுண்டரே, ஒரு அண்டா காணாம போவுது" என்றார். எனக்குச் சட்டென்று உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டேன்.

கல்யாண வீடு. ஊர்ப் பொதுவில் இருக்கும் பெரிய செப்பு அண்டாவுக்கு மஞ்சள் பூசி அடுப்பில் ஏற்றினால்தான் எங்கள் பக்கத்தில் கல்யாண வேலை தொடங்கியதாக அர்த்தம். முகூர்த்தத்தன்று காலையில் பார்த்தால் அண்டாவைக் காணோம். அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டுகிறார்கள். ஏட்டு வந்து விசாரிக்கிறார். சமையல்காரர், தாய்மாமன், பங்காளிகள் என்று எல்லாரையும் கேட்கிறார். "யார் எடுத்திருப்பாங்க, சொல்லுங்க" என்றார் அம்மா. சமையல்காரன் என்றேன். "நானும் அதைத்தான் எழுதியிருக்கேன்" என்றார், கொஞ்சம் சப்பென்று.

அவர் வேலை செய்யும் முறையை இங்கே சொல்ல வேண்டும். எதை எழுதினாலும் முதலில் ஆஸ்பத்திரி வரிசையில் சொல்லிப் பார்ப்பார். தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை. மூன்றாம் முறை சொல்லும்போது எந்த இடம் அவருக்கே அலுக்கிறதோ அதை அடித்துவிடுவார். தொடர்கதைக்கு அந்த முறை நன்றாகத்தான் உதவியது. மர்மக் கதைக்கு உதவுமா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தமிழில் சொல்லி முடித்தார். தெலுங்கில் தொடங்கி அண்டா காணாமல் போன இடத்துக்குத்தான் வந்திருப்பார், ரெட்டி வீட்டு அம்மாள் குறுக்கே புகுந்தாள். "சமையல்காரன்தானே எடுத்தான்? இப்பத்தானே சொன்னீங்க?" வரிசை முழுக்கச் சிரித்தது. பாகலூரில் மூன்று மொழியும் தெரியாதவர் யார்? கனகவல்லி அம்மாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் விடவில்லை. "அது தமிழ்க் கதை. தெலுங்குக் கதையில வேற ஆளு" என்று ஒரு போடு போட்டு, தாய்மாமனைத் திருடனாக்கிவிட்டார். பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். சமையல்காரன்தான் என்று ஒரு கட்சி, மாமன்தான் என்று ஒரு கட்சி, ஒரே இரைச்சல். டாக்டரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கன்னடத்துக்கு வந்தபோது அம்மாவிடம் ஆள் தீர்ந்துவிட்டது. ஏட்டு எல்லாரையும் கேட்டுவிட்டார் என்பதோடு நிறுத்தி, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். அப்போது வரிசையின் கடைசியில் ஒரு பெண் வாய் திறந்தாள். ஜவளகிரிப் பக்கத்திலிருந்து வந்த கர்ப்பிணி, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். "ஹெண்ணன்ன யாரூ கேளலே இல்ல" என்றாள். கல்யாணப் பெண்ணை யாருமே கேட்கவில்லையே என்கிறாள்.

ரெட்டி வீட்டு அம்மாள்தான் முதலில் தலையை ஆட்டினாள். "ஆமா. அவளைக் கேட்கவே இல்லியே."

கனகவல்லி அம்மா என் மேஜைக்கு ஓடிவந்து மருந்துச் சீட்டுக் கட்டை அப்படியே பிடுங்கிக்கொண்டார். "கம்பவுண்டரே, பின்கட்டுலேர்ந்து கெணறு வரைக்கும் சரிவு. கல்யாணம் வேணாம்னு நெனச்சு உருட்டிவிட்டா ஒருத்தி போதும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கதையில் அதுவரை மணப்பெண்ணுக்குப் பெயரே இல்லை. திரும்பி அந்தக் கர்ப்பிணியிடம் பெயரைக் கேட்டார். நஞ்சம்மா என்றாள். "வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகுதான் எழுதினார். இரண்டு பக்கத்துக்குமேல் ஒரு வரி போகவில்லை.

ஆசிரியர் பதினைந்தாம் நாள் பதில் போட்டார். பத்திரிகையில் அந்தப் பக்கம் இனி உங்களுடையது என்று எழுதியிருந்தார். அன்று அம்மா எனக்கும் டாக்டருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார். கதை வந்ததும் கடிதங்கள் குவிந்தன. முடிவை எதிர்பார்க்கவே இல்லை, திடுக்கிட்டுப் போனேன் என்று எழுதியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வார். "எத்தனையோ தொடர் எழுதினேன். அத்தனை வீட்டுலயும் கேக்காம விட்ட ஆளு ஒருத்தி இருந்திருக்கா" என்பார். அதற்குப்பின் அவர் எழுதியதெல்லாம் இரண்டு பக்கக் கதைகள்தான். அவை எல்லாவற்றையும் நான் படித்திருக்கிறேன்.

செய்தி வந்த அன்று வரிசையில் ஆளுக்கொன்றாக அவரைப் பற்றிச் சொல்லி அழுதார்கள். ஊத்தங்கரையிலிருந்து புதிதாக இந்த ஊருக்கு வாழ வந்த பெண் ஒருத்திக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "யாருங்க அவங்க?" என்றாள். சொல்லித் தெரியவைக்க முடியுமா? அண்டாக் கதையைச் சொன்னேன். எனக்கு வரிக்கு வரி பாடம். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். ஏட்டு வந்து எல்லாரையும் விசாரித்த இடத்தில் நிறுத்தி, "யார் எடுத்திருப்பாங்கன்னு நெனைக்கிறம்மா?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "கல்யாணப் பொண்ணுதாங்க. வேற யாரு எடுப்பாங்க?" என்றாள்.