மெஷின் மேல் போடக்கூடாத எழுத்து

முனிராஜ் அண்ணன் இறந்த செய்தி அவருடைய எழுத்திலேயே வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் படம். அவர் முகம், அதன் கீழே, அவரே வரைந்த, உருண்டு திரண்டு வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் அவர் பெயர். சாவு போஸ்டருக்கு அந்த எழுத்துருவை அவர் தரவே மாட்டார். படத்தைச் செய்த கடைக்காரருக்கு அது தெரியவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அழுகை பிறகுதான்.

மத்திகிரியில் அவருடைய போர்டுக் கடையில் ஒன்பது வருடம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் நான். அந்த எல்லைப் பக்கம் ஒரே போர்டில் தமிழும் கன்னடமும் அடுத்தடுத்து வரும். கன்னடம் குண்டு குண்டாகச் சிரிக்க, தமிழ் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அவருக்கு ஆற்றாமை. மூலைகளை மழுக்கி, லேசாகச் சாய்த்து, இரண்டு வருடம் உட்கார்ந்து வரைந்தார். "சாஞ்ச எழுத்து பக்கத்துல வந்து பேசும்மா. நேரா நிக்கறது உத்தரவு போடும். ரெண்டும் வேணும்," என்பார். பேக்கரி, பால்வாடி, குழந்தை டாக்டர், கம்பெனி கேன்டீன் என்று ஊர் முழுக்க அது பரவியது. "மெஷின் மேல மட்டும் போட்டுடாத," என்று நூறு தடவை சொல்லியிருப்பார்.

நான் போட்டேன். உறவுக்காரர் கல்யாணத்துக்கு அவர் வேப்பனப்பள்ளி போயிருந்த நாள் அது. ஒரு சின்னக் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்கு எச்சரிக்கை போர்டு கேட்டிருந்தார்கள். பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், தடித்த எழுத்து பயமுறுத்துகிறது, கேன்டீன் போர்டு மாதிரி அழகாக வேண்டும் என்றார் மேனேஜர். 'கையை உள்ளே விடாதீர்கள்' என்று அந்த எழுத்திலேயே அடித்துக் கொடுத்துவிட்டேன். எனக்கும் அழகாகத்தான் பட்டது.

அடுத்த மாதம் செல்வம் என்ற தொழிலாளிக்கு அந்த மெஷினில் இரண்டு விரல்கள் போயின. நானும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "போர்டு கண்ணுல பட்டுச்சுண்ணே. கேன்டீன் போர்டு மாதிரியே இருந்துச்சா, படிக்கல," என்றார் செல்வம். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "எழுத்து என்னுது. போர்டும் நான்தான் போட்டன்," என்றார்.

வெளியே வந்து அழுதேன். "நீ வெளியூரு. வாடகை வீட்ல இருக்கற. ஒண்ணுன்னா மூட்டை கட்டணும். எனக்கு இது சொந்த ஊரு, திட்டிட்டு வுட்டுடுவாங்க," என்றார். யாரும் விடவில்லை. செல்வம் அவரை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் கம்பெனி கம்பெனியாகப் போய், தன் எழுத்து எந்த மெஷின் மேலாவது இருக்கிறதா என்று தேடினார். நான் போட்டது அந்த ஒன்றுதான் என்று சொல்லியும் அவர் நிறுத்தவில்லை.

இப்போது டவுன் பஸ்ஸில் ஏறினால், கடைக்குக் கடை அந்த எழுத்து என் பக்கம் சாய்கிறது. அவர் ஏதோ சொல்ல வருவதாகவே படுகிறது. பயமாக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டுதான் போகிறேன்.

சாவுக்குச் செல்வமும் வந்திருந்தார். தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார். அண்ணனை அறிந்த உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன், ஆனால் முதலில் செல்வம் படிக்க வேண்டும். எனக்காக அண்ணன் இத்தனை வருடம் சுமந்த பழிதான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். இனி அது என்னிடம் இருக்கட்டும். அந்த போர்டை அடித்தது நான், செல்வம். அண்ணன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.