பராசக்தியைப் பார்க்க வந்த ஐந்து பேர்

1994ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, வெள்ளை வேட்டி கட்டிய ஐந்து வயதானவர்கள் சைக்கிளில் தொண்டைமானாற்றில் வந்து இறங்கினார்கள். அன்று சந்நிதிக் கோயிலில் திருவிழா இல்லை. ஊரில் செத்தவீடும் இல்லை. வந்தவர்கள் பராசக்தியின் வீடு எது என்று கேட்கவில்லை. பராசக்தி எப்படிப்பட்டவர், என்ன வேலை செய்தவர், ஊரில் அவரைப் பற்றி என்ன பேச்சு என்று வேலிக்கு வேலி நின்று விசாரித்தார்கள். அவ்வளவு போதாதா? வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்க ஒரே கதை: பராசக்திக்குக் கலியாணப் பேச்சு வந்துவிட்டது!

பராசக்திக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, பேராதனையில் பொறியியல் படித்து, யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நீர் வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தார். காலையில் பாவாடையும் சட்டையும் போட்டுச் சைக்கிள் ஏறினால், மாலையில் முழங்கால்வரை சேற்றோடு திரும்புவார். படலையில் நின்று யாராவது எப்போது கலியாணம் என்று கேட்டால், மாரி முடியட்டும் என்பார். மாரிகள் முடிந்துகொண்டே இருந்தன.

ஊரின் ஓரத்தில், கடல்நீரேரிக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சின்ன மண் அணை இருந்தது. அதில் பலகைக் கதவு ஒன்று. கடல் ஏறும்போது ஒருவர் ஓடிப்போய்ப் பலகையை இறக்க வேண்டும், மழைவெள்ளம் நிரம்பும்போது தூக்க வேண்டும். ஷெல் விழத் தொடங்கியபின் அங்கே ஓடிப்போக யாருக்குத் துணிவு வரும்? பலகை உக்கியது. வயல் உவரானது, கிணறுகள் உப்புக் கரித்தன. புதிதாகக் கட்டுவோம் என்றால், அரசாங்கம் போட்ட போர்க்காலத் தடையால் சீமெந்து இல்லை, இரும்பு இல்லை. தடை போட்டவர்கள் கிணற்றுத் தண்ணீரைக்கூட எதிரியாகத்தான் கணக்கில் எடுத்தார்கள் போலும்.

பராசக்தி ஆளே தேவைப்படாத ஒரு கதவைக் கட்டினார். பனைமரத்து வைரப் பலகையை வள்ளம் கட்டுவதுபோல் இழைத்துப் பொருத்தி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, ஓரத்துக்குப் பழைய டயரை வெட்டி அடித்து, கைவிட்டுக் கிடந்த பஸ்ஸின் ஆணிகளில் மேலிருந்து தொங்கவிட்டார். உள்ளே வெள்ளம் கூடினால் அதன் தள்ளலில் கதவு கடற்பக்கம் திறக்கும். கடல் ஏறினால் கடலே கதவை அறைந்து சாத்தும். இரண்டு மாரிக்குப் பின் கிணறுகளில் தண்ணீர் மறுபடி இனித்தது.

இனி, வந்த ஐவரும் யார் என்பதைச் சொல்லலாம். அவர்கள் எந்த மாப்பிள்ளைக்கும் உறவில்லை. தேசியப் பொறியியல் பேரவை என்று கொழும்பில் ஒரு சபை. நாட்டின் சிறந்த பொறியியலாளர்களைத் தன் உறுப்பினர்களாக அது தெரிந்தெடுக்கும். அதில் சேர யாரும் தானாக விண்ணப்பிக்க முடியாது. இருக்கிற உறுப்பினர் ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும், மற்றவர்கள் வேலையை நேரில் பார்த்து, அது உண்மையில் அந்த ஆளின் வேலைதானா என்று தீர விசாரிக்க வேண்டும், பிறகு இரகசிய வாக்கு. ஐந்தில் நான்கு பங்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: முன்மொழியப்பட்டவருக்கு எதுவும் தெரியக்கூடாது. தோற்றால் அவர் மனம் நோகக்கூடாது, வெல்வதற்காக அவர் வாக்குக் கேட்டு அலையவும் கூடாது. வாக்குக் கேட்டால் பெயர் வெட்டப்படும். போரில் பாதை அடைபட்டதால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிஞ்சியிருந்த ஐந்து உறுப்பினர்களே இங்குள்ளவர்களைத் தீர்மானிக்கலாம் என்று கொழும்பு அவர்களிடமே விட்டிருந்தது.

ஐவரில் ஒருவரான, மானிப்பாயில் இருந்த பரமலிங்கம் என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளர் பராசக்தியின் பெயரை முன்மொழிந்தார். ஐவருக்குள் மூத்தவர் நெல்லியடி ஆழ்வாப்பிள்ளை. அவர்தான் தலைவர். கறாரான மனிதர். கரையோரத்தில் கடலுக்குப் போகும் சாதியார் வீடொன்றில் தண்ணீர் தரட்டுமா என்று கேட்டபோது, மேலெல்லாம் வேர்த்து ஊற்ற, வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனிதரும்கூட.

அணையைப் பார்த்து ஐவருமே வாய்பிளந்தார்கள். ஆனால் இது யாருடைய வேலை என்று கேட்கத் தொடங்கியதும் வந்தது வினை. பக்கத்து வீட்டு இரத்தினம்மா, முதலில் பொடியன் கனடாவிலா லண்டனிலா, என்ன நட்சத்திரம் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார். இரகசியம் காக்க வேண்டிய கிழவர்கள் விழித்தார்கள். அவர்கள் விழித்ததையே அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு, பராசக்தியைப் பற்றி வாய்நிறையச் சொன்னார். அடக்கமான பிள்ளை. குனிந்த தலை நிமிராது. மீன்குழம்பு வைத்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். கந்தோரில் கதிரையில் இருந்து எழுதுகிற வேலை மட்டும்தான்.

“அப்ப இந்தக் கதவு?” என்று பரமலிங்கம் பதறிப்போய்க் கேட்டார்.

“ஐயோ, அது கந்தோர்ப் பெரிய ஐயா செய்விச்சது. எங்கடை பிள்ளை ஆம்பிளையளோடை சேத்துக்கை இறங்குவாளோ? நல்லாக் கேட்டியள்.”

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, பேசி வைக்கத் தேவையும் இல்லை. ஒரு பெண்ணை நல்லவள் என்று காட்ட வேண்டுமானால் அவளுடைய திறமையை மறைக்க வேண்டும் என்பது நம் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். தன் கிணற்றுத் தண்ணீரை இனிக்கவைத்தவளுக்கு நன்றி சொல்லும் முறையாக, அவள் அதைச் செய்யவே இல்லை என்று ஊர் சத்தியம் பண்ணியது. பகைமையில் செய்திருந்தால் எதிர்த்துச் சண்டை போடலாம். அன்பினால் செய்த அநியாயத்தை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது?

அடுத்த ஞாயிறு நெல்லியடியில் ஆழ்வாப்பிள்ளையின் வீட்டு முன்விறாந்தையில் ஐவரும் வாக்குப் போடக் கூடினார்கள். காகிதத் தட்டுப்பாடு. ஒரு மண் முட்டியும், ஆளுக்கொரு சோழியும் புளியங்கொட்டையும் வைத்திருந்தார்கள். சோழி என்றால் சம்மதம், கொட்டை என்றால் மறுப்பு. பரமலிங்கம் தொண்டை வற்றப் பேசினார். அந்தப் பெண் சேற்றில் நின்றதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். நின்றவரெல்லாம் கட்டினவராகிவிட மாட்டார் என்று ஆழ்வாப்பிள்ளை மறுத்தார்.

“வேலை திறம் வேலை, பரமலிங்கம். அதிலை எனக்கு ஐமிச்சமில்லை. ஆரின்ரை வேலை எண்டதுதான் கேள்வி. ஊரே இல்லையெண்டு சொல்லுது.”

முட்டியை அவர் நடுவில் இழுத்து வைத்தார். அப்போது படலை தடார் என்று திறந்தது. விசாரிக்க வந்தவர்களில் மூத்தவர் நெல்லியடிக்காரர் என்று ஊரில் கேட்டறிந்து தேடி வந்த பராசக்தி, சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு உள்ளே வந்தார். பரமலிங்கத்தின் முகம் வெளிறிவிட்டது. முன்மொழியப்பட்டவரே வாக்காளர்களைத் தேடி வந்துவிட்டாரே! ஒரு வாக்குக் கேட்டால் போதும், எல்லாம் முடிந்தது.

“நீங்கள்தானே ஐயா எங்கடை ஊருக்கு வந்து என்னைப்பற்றி விசாரிச்சனீங்கள்?”

“ஓம், பிள்ளை” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“சனம் உங்களுக்குப் பொய் சொல்லியிருக்குது. அந்தக் கதவு நான் யோசிச்சு, நான் படம் கீறி, இடுப்பளவு சேத்துக்கை நிண்டு கட்டினது. பெரிய ஐயா அந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை. அதை ஒளிச்சு எனக்கொரு கலியாணம் தேவையில்லை. உங்கடை பொடியனுக்கு இது வெக்கமெண்டால், அவன் கனடாவிலை சுகமாய் இருக்கட்டும்.”

ஆழ்வாப்பிள்ளைக்கு மூன்றும் பெண்கள். பொடியனே கிடையாது. மற்ற நால்வரில் ஒருவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. அணையைப் பார்க்கப் போனபோது, கதவுச் சட்டத்தில் ஒரு வரிசைத் துளைகள் பயன்படாமல் கிடப்பதை அவர் விரலால் தடவிப் பார்த்திருந்தார். அது ஏன் என்று ஊரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

“கட்டினது நீரெண்டால், அதிலை என்ன பிழை விட்டனீர்?”

பராசக்தி ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“முதல் நேராய்த் தொங்கவிட்டன். கடலிலை வாற சாதாளைப் புல்லு இடையிலை சிக்கிக் கதவு முழுக்கச் சாத்தேல்லை. உப்புத்தண்ணி ஏறி இரத்தினம்மாக்காவின்ரை வயல் திரும்பவும் பாழாய்ப்போச்சு. அது என்ரை பிழை. பிறகு சட்டத்தின்ரை கீழ்ப்பக்கத்தைக் கடற்பக்கமாய்த் தள்ளிச் சாய்ச்சன், கதவு தன்ரை பாரத்திலேயே அமத்தட்டுமெண்டு. பழைய துளையள் இன்னும் கிடக்குது. சாதாளைக்கு முன்னாலை வலை கட்டினன். வேறை என்ன கேக்கப்போறியள்? சமையலோ?”

பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வேலையின் சிறப்பை யாரும் தனதென்று சொல்லிக்கொள்ளலாம். அதன் பிழையைச் செய்தவர் மட்டும்தான் சொல்வார். அது ஐவருக்கும் தெரியும், ஐவரும் வாழ்நாளெல்லாம் பிழை விட்டுத் திருத்தியவர்கள். ஆனாலும் ஒருவர் விதியை எடுத்தார். அவர் நம்மைத் தேடி வந்துவிட்டாரே, இது வாக்குக் கேட்டதாகாதா?

பரமலிங்கம் எழுந்தே விட்டார். “வாக்குக் கேக்க வந்தவை இப்பிடியோ கதைக்கிறது? எங்களை வேண்டாமெண்டு துரத்திப்போட்டல்லோ போறா!”

ஆழ்வாப்பிள்ளை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. விதி மீறப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பொத்திய கையை முதலில் அவரே முட்டிக்குள் விட்டார். எல்லாரும் போட்டபின் கவிழ்த்தபோது நான்கு சோழி, ஒரு புளியங்கொட்டை. போதும், வென்றாயிற்று! அந்தக் கொட்டை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. சாதியையும் பெண்ணைக் குறித்த இளக்காரத்தையும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு இரகசிய வாக்கு ஒரு நல்ல மறைவிடம்.

முடிவு செஞ்சிலுவைக் கப்பலில் கொழும்புக்குப் போய், ஒப்புதல் வைகாசியில் திரும்பி வந்தது. பரமலிங்கமும் ஆழ்வாப்பிள்ளையும் மறுபடி தொண்டைமானாற்றுக்குச் சைக்கிள் மிதித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் விடுவதாயில்லை என்று ஊர் பின்னாலேயே திரண்டது. பராசக்தி அணையடியில் வலையை மாற்றிக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் சேற்றுக் கையோடு அப்படியே நின்றார். வந்தவர்கள் எதற்காக வந்தார்கள், தான் யாரிடம் போய் என்ன பேசினோம் என்பது உறைக்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வலை நழுவியது.

நன்றி சொன்னபின் அவர் கேட்டது ஒன்றுதான்: பேரவை எழுதியிருப்பதை இங்கேயே, எல்லாருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும். ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டு, அணை மேல் ஏறி நின்று உரக்கப் படித்தார். இந்தக் கதவைச் சிந்தித்து, வரைந்து, தன் கையால் கட்டியவர் பராசக்தி. அதற்காகவே அவர் தெரிந்தெடுக்கப்படுகிறார்.

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. இரத்தினம்மா மட்டும் முன்னுக்கு வந்தார்.

“அப்ப, மாப்பிள்ளை?”

“மாப்பிள்ளை இல்லையக்கா.”

“ஒருத்தருமே இல்லையோ?”

“ஒருத்தரும் இல்லை.”

இரத்தினம்மா சற்று யோசித்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆழ்வாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பிடியெண்டால் உண்மையைச் சொல்லுறன், ஐயா. என்ரை வயலைக் கெடுத்தவளும் உவள்தான், திருப்பித் தந்தவளும் உவள்தான். நான் கண்ணாலை கண்டனான். அதையும் அதிலை எழுதுங்கோ.”

“எழுதுங்கோ ஐயா” என்றார் பராசக்தி. “இரண்டையும் எழுதுங்கோ.”